மலையைப் பார்க்காத கதவு

1978ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். வெயில் இறங்கவில்லை. எங்கள் ஊரில் மலைதான் சாமி; அதன் உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. மழை பெய்யும் உத்தேசம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த லேடி டாக்டரின் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

என் மனைவிக்குக் காய்ச்சல். பொங்கலுக்குப் பிறகு இது மூன்றாவது முறை. உதறல் எடுக்கும், இரண்டு போர்வை போர்த்தினாலும் நிற்காது. இடுப்புக்குப் பின்னால் வலிக்கும். ஒன்றுக்குப் போனால் எரியும். அந்த எரிச்சலை அவள் என்னிடம் சொன்னதே இந்த மூன்றாவது முறைதான். முந்தைய இரண்டு முறையும் "சூடுங்க" என்று முடித்துவிட்டாள். எங்கள் ஊரில் பெண்களுக்கு வரும் நோய்களில் பாதிக்குச் சூடு என்றுதான் பெயர். வெந்தயத்தை ஊறவைத்துத் தின்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். பழி வெயில் மேல் விழும். வெயில் மறுத்துப் பேசாது.

நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் உத்தியோகத்தில் இருந்தேன். ஆகவே டாக்டரிடம் எதையும் விட்டுவிடாமல் சொன்னேன்: எந்தெந்தத் தேதியில் காய்ச்சல், எத்தனை டிகிரி, எத்தனை மாத்திரை, எந்த வேளையில் எத்தனை இட்லி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறாங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை தடவ ஒன்னுக்குப் போறாங்க?"

அதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் எத்தனை உறை இறக்கியிருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"விடியறதுக்கு முன்னாடி ஒரு தரங்க. அப்பறம் ராத்திரி எல்லாரும் அடங்கினப்பறம் ஒரு தரம்" என்றாள்.

"நடுவுல?"

"நடுவுல போவ முடியாதுங்க."

"தண்ணி?"

"குடிச்சா போவணும் இல்லிங்களா. அதனால கம்மியா குடிக்கிறது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அத்தனை நேரம் அடக்கி வெச்சா கிருமி உள்ள குடித்தனம் நடத்தாம இன்னாம்மா பண்ணும்? இது வெயில் சூடு இல்ல. மூத்திரப் பையில வந்தது இப்ப கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இப்படியே வந்துகினு இருந்தா கிட்னி கெட்டுடும். அப்பறம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுப்பேன்."

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆகவேண்டும். பத்துப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவவேண்டும், ஒருநாளும் பின்னாலிருந்து முன்னால் கூடாது. பிறகு இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். காய்ச்சல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும் என் மனைவி, "போன தடவ குடுத்ததுல நாலு மிச்சம் இருக்குங்க. அதையே போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். மிச்சம் பிடிப்பது எங்கள் வீட்டுக் குணம்.

"அந்த நாலுதாம்மா உன்ன மறுபடி இங்க கூட்டினு வந்திருக்கு" என்றார் டாக்டர்.

திரும்பும்போது குதிரை வண்டியில் கேட்டேன். நடுவில் ஏன் போக முடியாது?

"கட்டில்ல உக்காந்துகினு இருக்கீங்க இல்ல" என்றாள்.

எங்கள் குடியிருப்பில் ஐந்து குடித்தனம், இருபத்து மூன்று பேர், ஒரு கக்கூஸ். முன்கட்டில் வீட்டுக்காரர் இருந்தார். எண்ணெய் மண்டி வைத்திருந்தார். அவர் குடும்பத்துக்கும் அதே கக்கூஸ்தான். முற்றத்தின் கிழக்கே கிணறு, மேற்குக் கோடியில் கக்கூஸ், நடுவில் ஒரு புங்க மரம். மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். அந்த வளாகத்தில் காற்று வரும் ஒரே இடம் அது என்பதால் ஆண்கள் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்போம். தையல்காரர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், நான், பொழுது சாய்ந்தால் வீட்டுக்காரர்.

கக்கூஸுக்குப் போகிறவர் கிணற்றில் வாளி நிரப்பி எங்களைக் கடந்துதான் போகவேண்டும். கண்டக்டர் யாரையும் விடமாட்டார். "இன்னா சார், தண்ணி லாரி கெளம்பிடுச்சா?" என்பார். "ரூட்டு கிளியரா கீது, ரைட், போலாம்" என்பார் தையல்காரர். ஆண்களுக்குத்தான் இந்த வழியனுப்பு. பெண்கள் யாராவது வாளியோடு வந்தால் நாங்கள் பேசமாட்டோம். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம். பேச்சு சட்டென்று நிற்கும். நான்கு பேரும் பேப்பரின் ஒரே பக்கத்தை ஊன்றிப் படிப்போம். அந்தப் பெண் உள்ளே போய், தாழ் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெளியே வந்து எங்களைக் கடக்கும் வரை அந்த மரியாதை நீடிக்கும். எங்கள் மௌனத்தில் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் ஒரு சொட்டுக் குறையாமல் கேட்கும்.

"நீங்க பேசிக்கினாவது இருந்தா போயிருப்பேங்க" என்றாள் என் மனைவி. "நான் வந்தா கம்முனு ஆயிடறீங்க பாருங்க. அதான்."

இது எளிதில் தீரும் விஷயம் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் கட்டிலில் இருந்தவர்களிடம், பெண்கள் வரும்போது பேச்சை நிறுத்தவேண்டாம், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்போம் என்றேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தையல்காரரின் மனைவி வாளியோடு வந்தாள். கண்டக்டர் உடனே டீசல் விலையைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தார். தையல்காரர் அதைவிட உரக்க அவரை மறுத்தார். நான் இருவருக்கும் பொதுவாக ஏதோ கத்தினேன். அந்த அம்மாள் பாதி வழியில் நின்றாள். எங்களைப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்து ஒரு தகர டிரம் வாங்கிக் கக்கூஸுக்குள் வைத்தேன். காலையில் ஆண்கள் முறைபோட்டு நிரப்பினோம். கையில் வாளி இல்லாமல் போனால் எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். அந்தத் திசையில் போவதற்கு வேறு எதுவும் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

சோப்பின் கதை இன்னும் மோசம். டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு சோப்பு வைத்தேன். பத்து நாள் கழித்தும் அதன்மேல் இருந்த எழுத்துக்கூட அழியவில்லை. கக்கூஸில் இருக்கிற சோப்பைத் தொட்டால் கை தீட்டாகிவிடும் என்று எல்லாரும் அதைத் தொடாமல் வெளியே வந்து, கோழி மேயும் கிணற்றடி மண்ணை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டார்கள். சோப்பைக் கிணற்றடிக்கு மாற்றினேன். ஆறே நாளில் கரைந்துவிட்டது. அதில் பாதி துணிக்குப் போயிற்று. ஆனாலும் கைக்கும் போயிற்று என்பதால் அடுத்ததை வாங்கினேன்.

கடைசியில்தான் கதவைத் திருப்பும் யோசனை வந்தது. கக்கூஸின் கதவு கிழக்கே முற்றத்தைப் பார்த்து, எங்கள் கட்டிலுக்கு நேராக இருந்தது. அதன் பின்னால், மேற்கே, நான்கடி இடமும் இடுப்பளவு மண்சுவரும் இருந்தன. அடுப்பங்கரைகளின் பின்வாசல் வழியாகவே அங்கே வந்துவிடலாம். முன்கதவை அடைத்துப் பின்சுவரில் கதவு வைத்தால், யார் போனார்கள், வந்தார்கள் என்று கட்டிலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் போனேன்.

"மலையைப் பார்த்தா?" என்றார். "சார், படிச்சவரு நீங்க."

"எங்கப்பா இத கட்டும்போது நூல் புடிச்சுக் கட்டினாரு. உக்காந்தா வடக்க பாத்து உக்காரணும். மலைக்கு மூஞ்சியும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது. நீங்க இன்னாடான்னா கதவையே சாமிக்கு நேரா தெறக்கலாம்றீங்க."

இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. தணிக்கைக்குக் கிராமங்களுக்குப் போகும்போது, அவசரத்திலும் மலை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் புதரைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்தக் கக்கூஸின் கழிவு எங்கே போயிற்று என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். தெருவின் திறந்த சாக்கடைக்குப் போயிற்று. சுவாமி புறப்பாடு அந்தத் தெரு வழியாக வரும்போது, சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றுதான் அவர் கற்பூரம் காட்டுவார். இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவன் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

மே மாதக் கடைசியில் என் மனைவிக்கு நான்காவது முறையாகக் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை மாத்திரையில் மிச்சம் இல்லை. ஒவ்வொன்றையும் என் கண்ணெதிரே விழுங்கியிருந்தாள். தண்ணீர்தான் குடிக்கவில்லை. டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவ வேலூர்தான். லெட்டர் எழுதி வெச்சிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் வீட்டுக்காரரின் மனைவி இளநீரோடு வந்தார். தையல்காரரின் மனைவியும் கூட வந்தாள். நான் முன் அறையில் இருந்தேன்; கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்டது.

"எரியுதாம்மா?"

"ஆமாங்க்கா."

"எனக்கும் அப்பப்ப வரும். சூடுன்னு வுட்டுடுவேன்."

"போன மாசம் எனக்கு ரத்தமாவே வந்துச்சுக்கா" என்றாள் தையல்காரரின் மனைவி. "எங்கூட்ல சொல்லல. சொன்னா மட்டும் எழுந்து போயிடப் போறாங்களா, கட்டில வுட்டு?"

அப்போது என் மனைவி டாக்டர் சொன்னதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னாள்: அடக்குவது, தண்ணீர், கழுவும் முறை, மாத்திரைக் கணக்கு. ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. பின்கதவையும் அதற்குக் கிடைத்த பதிலையும் சொன்னாள். வீட்டுக்காரரின் மனைவி எழுந்து முன்கட்டுக்குப் போனார். அவர் அங்கே தன் கணவரிடம் பேசியது ஐந்து குடித்தனத்துக்கும் கேட்டது.

"பாதி ஒடம்ப அம்மனுக்குக் குடுத்த சாமி அது. அந்தப் பாதியோட கஷ்டம் அதுக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் தெரியல. மலை எந்தக் காலத்துல யாரப் பாத்துச்சு? பாக்கறதெல்லாம் கட்டில்ல உக்காந்திருக்கறவங்கதான்."

வீட்டுக்காரர் இரண்டு நாள் மரத்தடிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை என்னிடம் வந்தார்.

"கதவு வெச்சிக்குங்க சார். ஆனா கதவ தெறந்தா மலை தெரியக் கூடாது. குறுக்க ஒரு சுவரு எழுப்பிடுங்க. செலவு உங்களுது."

பின்னால் இருந்தது இடுப்பளவு சுவர். அதற்கு அப்பால் காலி மனை. பெண்களுக்கு அங்கே ஒரு மறைப்பு வேண்டும் என்று அதுவரை யாரும், நான் உட்பட, நினைக்கவில்லை. சாமிக்கு வேண்டும் என்றதும் கொத்தனார் வந்துவிட்டார்.

சுவர் ஐந்தடி எழுந்ததும் வீட்டுக்காரர் புதுக் கதவின் படிமேல் ஏறி நின்று மேற்கே பார்த்தார். "தெரியுது" என்றார். மறுநாள் ஆறடி ஆயிற்று. மறுபடி ஏறி நின்றார். "உச்சி தெரியுது." கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, அதக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க" என்றார். இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள மலையை மறைப்பதற்கு நான் செங்கல் ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழடியில் வீட்டுக்காரர் திருப்தியடைந்தார். மலை தெரியவில்லை. தெரியாத மலையை நோக்கிக் கைகூப்பிவிட்டு இறங்கினார்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், என் மனைவி அடுப்பங்கரைப் பின்வாசல் வழியாகப் போய்விட்டு வந்தாள். வந்து, கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு நின்றபடியே முழுவதையும் குடித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அவள் அப்படித் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

ஆண்கள் நாங்கள் பழையபடி முற்றம் வழியாகவே சுற்றிக்கொண்டு போய்வந்தோம். ஒரு மாதம் கழித்துக் கண்டக்டர் கட்டிலில் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்பல்லாம் நம்ம லேடீஸ் யாருமே அந்தப் பக்கம் போறதில்லியே சார். ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது." அவருடைய கவலை உண்மையானது. நான் பேப்பரைப் பார்த்தேன்.

ஜூலையில் டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றார். வேலூருக்கு லெட்டர் எழுதவேண்டிய அவசியம் அதன்பிறகு வரவில்லை. அந்தக் காய்ச்சலும் அவளுக்குத் திரும்ப வரவில்லை. டாக்டருக்கும் மாத்திரைக்கும், டிரம்முக்கும், சோப்புகளுக்கும், கதவுக்கும், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், ஐந்தடிச் சுவருக்கும், அதன்மேல் சாமிக்காக எழுப்பிய இரண்டடிக்குமாக மொத்தம் முந்நூற்று நாற்பத்தொரு ரூபாய் அறுபத்தைந்து பைசா ஆயிற்று.