எல்லாவற்றுக்கும் பத்து சொன்ன அப்பா

போன ஆடி மாதம், ஒரகடம் பக்கம் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நடந்தது இது. என் மகள் நாள் முந்திப் பிறந்துவிட்டாள். எடை குறைவு என்று அங்கேயே வைத்திருந்தார்கள். ஒருவழியாகத் தேறினாள், வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள்.

எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். நானும் கணவரும் ஆளுக்கொரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறோம். உடன் வந்து இருக்கச் சொந்தத்தில் ஆள் இல்லை. என் விடுப்பு முடிந்ததும், ஒருவர் ஷிஃப்டுக்குப் போனால் இன்னொருவர் தனியாகப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் நர்ஸ் எங்களை உட்கார வைத்தார். என்னைவிட இளையவர். பாலாடையில் பால் புகட்டுவது, நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுப்பது, உடம்பைத் துடைத்துவிடுவது, குழந்தைக்கு முடியவில்லை என்றால் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தனியாகச் செய்ய எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது, பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நான் மூன்று, நான்கு என்று முனகிக்கொண்டிருந்தேன். இவளெல்லாம் ஒரு அம்மாவா என்று நினைப்பாரோ என வெட்கம் பிடுங்கித் தின்றது. என் கணவரோ நிமிர்ந்து உட்கார்ந்து பத்து, பத்து என்று அடித்துவிட்டார். அதுவரை பிள்ளையை இரண்டு முறை தூக்கியிருந்தால் அதிகம், அதுவும் நான் கீழே கை கொடுத்து! எனக்கு வந்ததே கோபம்.

நர்ஸ், நான் பீய்ச்சி வைத்திருந்த பாலைப் பாலாடையில் ஊற்றி என் கணவரிடம் கொடுத்தார். இரும்பைத் தூக்கிப் பழகிய கைக்கு அந்தச் சின்னப் பாலாடை பிடிபடவே இல்லை. பால் வாய்க்குள் போனதைவிடக் கழுத்தில் வழிந்ததுதான் அதிகம். மகள் இருமினாள், அவர் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் சட்டென்று வாங்கி நிமிர்த்திப் பிடித்து, முதுகைத் தடவிவிட்டார்.

"சிஸ்டர், எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒண்ணுன்னு போட்டுக்கங்க" என்றார் கணவர். "கம்பெனில ஆடிட்டுக்கு வந்து இன்னா கேட்டாலும் ஓகே, ஓகேன்னு சொல்லிகினே பழக்கமாயிடிச்சி. இல்லன்னு சொன்னா புரொடக்சன் லைனையே நிறுத்திடுவாங்க. இங்கயும் அதே மாரி, கொறைச்சலா சொன்னா கொழந்தைய குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "கம்மியா சொன்னா கொழந்தைய புடிச்சி வெச்சிக்க மாட்டோம் சார். எது வரலன்னு தெரிஞ்சாதான நான் சொல்லித் தர முடியும்? அக்காவ பாருங்க, உள்ளத சொல்றாங்க."

கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா?

நாங்களே கேட்டு இன்னும் சில நாள் இருந்து கற்றுக்கொண்டோம். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வருவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு மகளை நெஞ்சில் போட்டுக்கொள்வார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இவர் கண்டுகொள்ளவே இல்லை.

கிளம்பும் முன் நர்ஸ் மறுபடியும் கேட்டபோது, யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். "பால் குடுக்கறது எட்டு. சூடு குடுக்கறது ஒம்போது. ஒடம்பு தொடைக்கறது மட்டும் நாலுதான் சிஸ்டர், இன்னொரு தபா காட்டுங்க."

அத்தனை பேர் முன்னால் கூசாமல் கேட்டாரே, அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த பெருமை கல்யாண மேடையில்கூட வந்ததில்லை.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்; வீட்டில் என்ன என்றாலும் எனக்குத் தெரியாது. 'கைக்கொழந்தைய ஆம்பளைய நம்பி எப்டி வுட்டுட்டு வர்ற?' என்று உடன் வேலை செய்யும் பெண்கள் கேட்கிறார்கள். தனக்கு எது வராது என்று வாய்விட்டுச் சொல்லிக் கற்றுக்கொண்ட மனிதரிடம் விட்டு வந்திருக்கிறேன் என்பதால்தான், ஷிஃப்ட் முடியும்வரை என் மனசு பதறாமல் இருக்கிறது.