நொட்டையார் விட்டுவைத்த தப்பு

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். எங்கள் காமிக்ஸ் அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் நொட்டையார். நொட்டை சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. நான் படம் வரைவேன். அச்சுக்குப் போகும்முன் அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, முந்தின பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் எங்கே ஒட்டவில்லையோ அங்கே சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். திரும்பி வரும்போது என் பக்கங்கள் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

எங்கள் நாயகன் சூறாவளியான் கப்பலைத் தலைக்கு மேல் தூக்குவான். அதைப் பற்றி நொட்டையார் வாயே திறக்க மாட்டார். தூக்கும்போது இடது கையில் இருந்த கடிகாரம், இறக்கும்போது வலது கைக்குப் போயிருந்தால் மட்டும் மனிதர் விடமாட்டார்.

“கப்பலைத் தூக்கறது நம்பும்படியா இருக்கு, வாட்ச் கை மாறினதுதான் உறுத்துதாக்கும்?” என்று ஒருநாள் எரிந்துவிழுந்தேன்.

“தூக்குவான்னு முதல் பக்கத்துலயே சொல்லிட்டீங்கம்மா. சரின்னு ஒத்துக்கிட்டுத்தான் படிக்கறவன் உள்ள வரான். நமக்காக அவ்வளவு பெரிய பொய்யைச் சுமந்துக்கிட்டு வரவன் தலையில சின்னச் சின்னப் பொய்யையும் ஏத்தினா, எல்லாத்தையும் கீழ போட்டுட்டுப் போயிடுவான்.”

மனசுக்குள் திட்டிக்கொண்டே கடிகாரத்தை அழித்து இடது கையில் வரைந்தேன்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா, அத்தானோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அந்தப் பொல்லாத கண்ணை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகத் தெரியாததால்தான் வம்பு வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அத்தான், மேனேஜர் தன்னைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டதாக அக்காவிடம் புலம்பினார். அந்த மேனேஜர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார் என்று முன்பு சொன்னதும் அதே அத்தான்தான். நொட்டையார் அங்கே எதுவும் கேட்கவில்லை. பிறகு மாடிப்படியில் தனியாகப் பிடித்துக் கேட்டார். அத்தான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விட்டதாம். தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, நாலு இடம் ஏறி இறங்கி வேலை கேட்டுவிட்டு, மீதி நேரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பார்க்கில் உட்கார்ந்திருக்கிறாராம்.

“உங்க அக்காகிட்ட மூச்சு விட்டுடாத மாப்ளே. முன்ன ஒரு தடவை வேலை போனப்ப, படுத்தவ எந்திரிக்க எவ்வளவு நாளாச்சுன்னு உனக்கே தெரியும். வேற வேலை கிடைச்ச அன்னிக்கு நானே சொல்லிடறேன்.”

அன்றிலிருந்து அத்தான் சொல்லும் கதைக்கும் நொட்டையார்தான் நொட்டை பார்த்தார். செருப்பில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு வாசலில் ஏறச் சொன்னார். ஐடி கார்டைக் கழற்ற மறந்த மாதிரி கழுத்தோடு வரச் சொன்னார். சில வாரம் கழித்து, மேனேஜர் விஷயத்துக்கு மட்டும் என்னிடம் வந்தார். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, “புதுசா ஒரு மேனேஜர் வேணும்மா. ஆளை உருவாக்கறது உங்க வேலைதானே” என்றார்.

மீசைக்குத் தினமும் மை பூசிக்கொண்டு வந்து, டீ குடித்தால் உதடெல்லாம் கறுத்துப்போகிற ஒருவரைப் படமாகவே வரைந்து கொடுத்தேன். அத்தான் அவரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாராம். அதன்பிறகு தினமும் தட்டை வைக்கும்போதே, “இன்னிக்கு மை மேனேஜர் என்ன பண்ணாரு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சூறாவளியானுக்குக்கூட இப்படி ஒரு வாசகி கிடைத்ததில்லை.

வேலைதான் கிடைத்தபாடில்லை. எந்தச் சின்னத் தப்பில் அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ, தெரிந்தால் மறுபடியும் படுத்துவிடுவாரோ என்று நொட்டையார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

ஒரு மதியம் இரண்டு பேரும் என் மேஜையில் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் டப்பாவைத் திறந்தார். மேலே துணியில் சுற்றி ஒரு ஸ்பூன் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, ஸ்பூன்லயும் நொட்டையா?” என்றேன்.

“இது அத்தான் டப்பா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், காலையில மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அதுக்கென்ன?”

“அத்தான் கையாலதாம்மா சாப்பிடுவாரு. அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து அவர் கையில ஸ்பூனை நான் பார்த்ததே இல்ல.”

உடனே அத்தானுக்குப் போன் போட்டார். எதிரில் இருந்த எனக்கே அத்தான் குரல் கேட்டது.

“ஸ்பூனா? அது ஒரு மாசத்துக்கு மேல வருதே. இங்க பார்க் குழாயில கை கழுவத் தண்ணி இல்லன்னு உன்கிட்ட சொன்னேனில்ல? நீதான் உங்க அக்காகிட்ட சாமர்த்தியமா ஏதோ சொல்லி வைக்க வெச்சிருக்கன்னு நினைச்சேன்.”

“ஆமா அத்தான், நான்தான்” என்று சொல்லிப் போனை வைத்தார் நொட்டையார்.

உண்மையில் அவர் அக்காவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அக்காவுக்குத் தெரியும்மா” என்றார். “எங்க உட்கார்ந்து சாப்பிடறாருன்னு கூடத் தெரியும்.”

மை மேனேஜர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் முதல் நாளே, அப்படி ஓர் ஆள் கிடையாது என்று தெரிந்துதான் அந்த அம்மாள் சிரித்திருக்கிறார். தினமும் கேட்டதும் தெரிந்துதான். புருஷன் தலைகுனிந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று கதை கேட்டிருக்கிறார்.

“அத்தான்கிட்ட சொல்லிடுங்களேன். பாவம், தினமும் பயந்து சாகறாரு” என்றேன்.

“சொன்னா, நாளைக்கு எந்த முகத்தோட டப்பாவை எடுத்துக்கிட்டு கிளம்புவாரு? கிளம்பினாத்தானேம்மா வேலை கிடைக்கும்.”

அன்று அவர் அந்த ஸ்பூனால்தான் சாப்பிட்டார். பழக்கமில்லாமல் பாதி என் மேஜையில் சிந்தியது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன்.

பிறகு என் பக்கங்களைப் பார்க்க உட்கார்ந்தார். சண்டையில் சூறாவளியானின் மேலங்கி முதுகில் நீளமாகக் கிழிந்திருந்தது. அடுத்த பக்கம், மறுநாள் காலை, மேலங்கி முழுசாக இருக்க அவன் பறந்துகொண்டிருந்தான். கிழிசலை வரைய நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். வேறொரு நாளாக இருந்தால், “யாரு தச்சது? எந்தக் கட்டத்துல காட்டினீங்க?” என்று குடைந்து எடுத்திருப்பார்.

சிவப்புப் பென்சில் அந்த முதுகின் மேல் போய் நின்றது.

“விட்டுப்போச்சு, குடுங்க, கிழிசலை வரைஞ்சுடறேன்” என்று கையை நீட்டினேன்.

அவர் பக்கத்தைத் தரவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“வேணாம்மா, அப்படியே இருக்கட்டும். அவன் தூங்கினப்புறம் வீட்ல யாராவது தச்சு வெச்சிருப்பாங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.”