டன்மோரும் லைலின் இடது கையும்

ஓப்பல் ஹின்ஷா எந்தப் பொருளைப் பற்றியும் யாரிடமும் "நல்லா இருக்கா?" என்று கேட்டதில்லை. வாஷிங் மெஷின் வாங்க நினைத்தால், அதே மெஷின் இருக்கிற வீட்டு வாசலில் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு போய் நிற்பாள். எங்கள் தேவாலயத்துக்குப் புதுப் போதகரை அழைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, அவருடைய பழைய சபைக்கே போய், ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து, யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவள் அவள்.

நான் இந்த ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். எதிர்வீடு அவளுடையது. நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கம் எங்கள் ஊர். மனிதரைவிட மாடுகள் அதிகம். ஓப்பல் வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். சனிக்கிழமைகளில் பழைய சரளைக்கல் பள்ளத்தில் இருக்கிற எங்கள் துப்பாக்கி கிளப்பில் சுடும் வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. அவள் "நிறுத்து" என்று கத்தினால் மேயும் மாடுகூட நிற்கும்.

அவள் கணவன் லைல் வேலி போடுகிறவன். நல்லவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாய் பாதி நேரம் டன்மோர் கைத்துப்பாக்கியின் புகழைத்தான் பாடும். தொப்பியில் டன்மோர், வண்டியின் பின்கண்ணாடியில் டன்மோர், சமையலறை நாள்காட்டியில் டன்மோர். அவனை மட்டும் சொல்லி என்ன பயன், எங்கள் மாவட்டமே அப்படித்தான். தொழிற்சாலை அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. இங்கே பாதிப் பேருக்கு மச்சானோ சித்தப்பாவோ அங்கே வேலை செய்திருப்பார்கள். அப்பன் வைத்திருந்தான், மகனும் வாங்குவான். சுடும்போது நடுவில் மாட்டிக்கொண்டு நிற்குமா என்று கேட்டால் எல்லோரும் மனப்பாடம் செய்ததுபோல ஒரே பதில் சொல்வார்கள்: "ஒரு தடவகூடச் சிக்கினதில்ல."

டார்லா வெக்ஸ்லரும் போன வசந்தத்தில் அந்தப் பதிலைத்தான் எல்லோரிடமிருந்தும் கேட்டுக்கொண்டு வந்தாள். கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிற பெண். ஊருக்கு வெளியே, மண்சாலை முடிகிற இடத்தில் தனியாக இருக்கிறாள். அவளுடைய முன்னாள் கணவன் குர்ட் அவளுடைய இடது மணிக்கட்டை உடைத்ததற்காகச் சிறையில் இருந்தான். செப்டம்பரில் வெளியே வருவான் என்று கடிதம் வந்துவிட்டது. அவள் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உண்டு. ஆனால் உத்தரவு காகிதம்தானே. ஷெரிப்பின் வண்டி அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கேக்கே வெந்துவிடும். ஆகவே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதென்று அவள் முடிவு செய்தாள், அதற்கான அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டாள். எந்தத் துப்பாக்கி என்பதுதான் பாக்கி.

ஒரு ஞாயிறு மதியம் ஓப்பல் வீட்டில் சில்லி என்கிற கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்கதவு கடகடவென்று ஆடியது, ஆனால் திறக்கவில்லை. வெளியே டார்லா நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளும்மா, திறந்துதான் இருக்கு!" என்று லைல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"வர மாட்டேங்குது!"

"அந்தக் கதவு பொறந்ததுலேருந்து சிக்கினதே இல்ல. ஒரு கையால லேசாத் தூக்கி, இன்னொரு கையால தள்ளு, அவ்வளவுதான்!"

ஓப்பல் எழுந்து போய்த் திறந்துவிட்டாள். திரும்பி வந்தவள் ஒரு கரண்டி சில்லியை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டுத் தன் கணவனைப் பார்த்தாள். அவள் எதையோ பிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, எதை என்று தெரியவில்லை.

டார்லா போனை எடுத்து நீட்டினாள். டன்மோர் வாங்கியவர்கள் எழுதிய அனுபவங்கள் வரிசையாக இருந்தன. ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், மறுபடி ஐந்து நட்சத்திரம்.

"எல்லாரும் இதயேதான் சொல்றாங்க ஓப்பல். லைல் தன்கிட்ட இருக்கற இன்னொண்ணச் சும்மாவே தரேங்கறாரு. எடுத்துக்கவா?"

"எழுதினவங்க வாயெல்லாம் இதுல இருக்கு. கை எங்க இருக்கு?" என்றாள் ஓப்பல்.

"ஆரம்பிச்சுட்டா பாரு. என் வார்த்தைய நம்ப மாட்டியாடி நீ?" என்றான் லைல்.

"உன் வார்த்தைய நம்பித்தான் உன்னையே கட்டிக்கிட்டேன். ஒரு தடவ போதும். சனிக்கிழமை எல்லாரையும் டன்மோரோட வரச் சொல்லு."

சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஓப்பல் டன்மோரைச் சோதிக்கப்போகிறாள் என்பது எங்கள் ஊரில் சின்னச் செய்தியா? ஓய்வு பெற்ற துணை ஷெரிப் மர்ல் குஸ்டாவ்சன் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். டார்லா என் பக்கத்தில் நின்றாள். அவளுடைய இடது கை எப்போதும்போல வயிற்றோடு ஒட்டியிருந்தது. விரல்கள் பாதிக்குமேல் மடங்காது, அந்தக் கையால் எதையும் அடிக்கவோ பிடிக்கவோ முடியாது.

ஓப்பல் முதலில் எல்லோரையும் வழக்கம்போலச் சுடச் சொன்னாள். அவள் இலக்கைப் பார்க்கவே இல்லை. வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே ஆட்களின் கைகளைப் பார்த்தாள். பிறகு என் காதில், "இடது கையப் பாரு" என்றாள்.

பார்த்தேன். டன்மோரில் ஒவ்வொரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் போய்த் தானாக முன்னால் வந்து உட்கார வேண்டும். அவ்வப்போது அது ஒரு மயிரிழை தூரம் குறைவாக நின்றுவிடும். உடனே இடது உள்ளங்கை போய்ப் பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டும். அடுத்த குண்டு போகும். மர்ல் தட்டினார், லைல் தட்டினான், எல்லோரும் தட்டினார்கள். பேச்சைக்கூட நிறுத்தாமல், மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டுகிறவர்கள் மாதிரி. இத்தனை வருஷம் இவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன், நானும் கவனித்ததில்லை.

"எத்தன தடவ சிக்குச்சு?" என்று ஓப்பல் கேட்டாள்.

"ஒரு தடவகூடச் சிக்கல!" ஒரே குரலில் பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

"சரி. இப்ப எல்லாரும் தோட்டா போட்டுக்குங்க. போட்டதும் இடது கைய பாக்கெட்டுக்குள்ள விடுங்க. நான் சொல்றவரைக்கும் வெளிய எடுக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்கள். மூன்றாவது குண்டிலேயே மர்லுடைய கை பாக்கெட்டிலிருந்து துள்ளி வெளியே வந்தது. "அட, இது தானா வருதும்மா!" என்றார் மர்ல், வெட்கத்தோடு. மற்றவர்களுடைய துப்பாக்கியும் ஒவ்வொன்றாக நின்றது. லைல் மட்டும் வீம்பாகச் சுட்டுக்கொண்டே போனான். பிறகு அவனுடையதும் நின்றது. விசையை அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. பாக்கெட்டுக்குள் அவன் இடது கை, சாக்கில் போட்ட கோழி மாதிரி அடித்துக்கொண்டது.

"இதுக்குப் பேரு சிக்கறதில்ல, ஓப்பல். சிக்கினா தோட்டா குறுக்க நிக்கும், எல்லாத்தையும் கழட்டணும். இது சும்மா ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு!"

"தட்டறதுக்கு டார்லாவுக்குக் கை எங்கடா இருக்கு?"

லைல் திரும்பி டார்லாவின் கையைப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது. எனக்கு அவன்மேல் உண்மையாகவே பாவமாக இருந்தது. அவன் கொடுக்க நினைத்தது மனசாரக் கொடுக்க நினைத்தது.

அவன் வண்டிக்குப் போனான். கோபித்துக்கொண்டு கிளம்புகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் இருக்கைக்கு அடியிலிருந்து ஓப்பலின் பழைய ரிவால்வரை எடுத்துக்கொண்டு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து "இதக் கொண்டுபோய் மியூசியத்துல வை" என்று அவன் கேலி செய்துகொண்டிருந்த அதே ரிவால்வர். அதில் பின்னால் போகவும் முன்னால் வரவும் எதுவும் இல்லை. விசையை இழுத்தால் உருளை சுற்றும், குண்டு போகும்.

"இந்தா டார்லா. ஒரு கையால சுடு. நல்லா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்க."

அந்தக் கோடை முழுக்க டார்லா சுட்டாள். மழையில் சுட்டாள், சுவரில் சாய்ந்துகொண்டு சுட்டாள், தரையில் விழுந்து கிடந்தும் சுட்டாள். ரிவால்வரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரே கையால் தோட்டா போடப் பழகினாள். தன் சொந்த ரிவால்வர்தானே என்று ஓப்பல் ஒரு நாளும் சலுகை காட்டவில்லை. டார்லாவின் வலது கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, "இனிமே நான் பாக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். லைல் தன் டன்மோர் தொப்பியைக் கழற்றவில்லை, அது வேறு விஷயம். ஆனால் யாரும் சொல்லாமலே பின்கதவைக் கழற்றி, இழைப்புளி போட்டு, கீலை மாற்றி மாட்டினான்.

செப்டம்பர் கடைசியில் குர்ட் வந்தான். பட்டப்பகலில், டார்லா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அவன் வண்டி அவள் வீட்டுக் கேட்டில் வந்து நின்றது. அவள் ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டு ரிவால்வரோடு முன்படிக்கு வந்து நின்றாள். அவன் கேட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் இனிக்க இனிக்கப் பேசினான். அப்புறம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நெடுஞ்சாலை சேருமிடத்தில் உத்தரவை மீறியதற்காக ஷெரிப்பின் ஆட்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் நாங்கள் ஓப்பல் வீட்டுச் சமையலறையில் இருந்தோம். பின்கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. டார்லா வலது கையால் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். லைல் தன் தட்டில் இருந்த ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"பயந்துட்டியாம்மா?" என்று கேட்டான்.

"பயம்தான். ஆனா துப்பாக்கியப் பத்தி நெனைக்கவே இல்ல, லைல். அவனத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் டார்லா. பிறகு மடியில் கிடந்த கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அவன் என் இடது கையவே பாத்துக்கிட்டிருந்தான். அந்தக் கை இல்லாம என்னால சுட முடியாதுன்னு நெனச்சான் போல, அது எப்ப மேல வரும்னு காத்துக்கிட்டிருந்தான். அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டிருந்துச்சு. எனக்கு அது தேவைப்படல."