இறக்க வேண்டாத கொடி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கொடி மடித்தது. ஞாயிறு மாலை. அவள் கயிற்றைத் தளர்த்தினாள். துணி தரையில் படாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஓரம் பிரியுது பாரு," என்றாள். "டோவெகிட்ட குடுத்துத் தைக்கணும். வெள்ளிக்கிழமை வெர்னருக்கு எண்பதாவது பிறந்தநாள்."

அம்மா பெயர் டாக்னி. டென்மார்க்கின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஊர் மன்றத்துக் கம்பத்தில் காலையில் நாட்டுக் கொடியை ஏற்றுவாள். இருட்டுவதற்குள் இறக்கிவிடுவாள். சாவு என்றால் அரைக்கம்பத்தில் நிற்கும். இதைச் செய்யும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் அம்மா எழவில்லை. சாப்பாடு பாதி அப்படியே திரும்பிப் போகும். நடக்காவிட்டால் வீடு கிடையாது, முதியோர் இல்லம்தான் என்றார் டாக்டர்.

நடைப்பயிற்சி தரும் சிக்னெ கேட்டாள்: "வீட்டுக்குப் போனதும் என்ன செய்யணும்னு ஆசை, டாக்னி?"

"ஒண்ணுமில்ல."

ஒரு நாள் பக்கத்து வீட்டு வெர்னர் பார்க்க வந்தார். முகமெல்லாம் பெருமை.

"கொடியப் பத்தி நீ கவலையே படாத. நீளமா வால் கொடி ஒண்ணு கட்டிட்டேன். அது ராப்பகலா பறக்கலாம். இறக்கவே வேண்டாம்."

அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "பிறந்தநாளுக்கும் அதேதானா? சாவுக்கும் அதேதானா?"

"காத்துல அழகா ஆடுது, டாக்னி."

"உன் ஜட்டிகூடத்தான் காத்துல ஆடும். அதையும் ஏத்தேன்."

பக்கத்துக் கட்டில் பெண் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "சிக்னெ, அந்த நடைவண்டிய இப்படித் தள்ளு."

கொடிக் கயிறு இழுக்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். சிக்னெ கட்டில் கம்பியில் ரப்பர் பட்டை கட்டினாள். அம்மா திட்டிக்கொண்டே கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். வசந்தத்துக்கு முன்பே வீடு வந்து, முதல் வேலையாக வால் கொடியை இறக்கினாள். வெர்னர் பின்னால் நாற்காலியோடு நின்றார்.

நான் காற்றாலை பழுது பார்ப்பவள். ஒரு போல்ட்டை மாற்றியதும் எந்திரம் ஓடினால், கோளாறு அந்த போல்ட்டில்தான் இருந்தது என்று எழுதமாட்டேன். அம்மா விஷயத்திலும் மருந்து உண்டு, சிக்னெ உண்டு. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்காகவும் வீட்டில் ஆசையாகக் காத்திருந்தார்கள், அவள் நடக்கவில்லை. கொடி எலும்பை ஒட்டவைத்தது என்று நான் சொல்லவில்லை. அது அவள் காலைத் தரையில் வைக்கச் செய்தது. வைத்த கால்தான் பலப்பட்டது. நான் பார்த்தது அவ்வளவு.

அம்மாவின் இதயத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. கொடி மடித்த மறுநாள், திங்கள் காலை, காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

மதியம் வெர்னர் வாசலில் நின்றார். கையில் தொப்பி. "லோனெ, கொடி எங்க இருக்கு? அரைக்கம்பத்துல ஏத்தணும்."

"ஓரம் பிரிஞ்சிருக்கு."

"பிரிஞ்சத ஏத்தினா திட்டுவா." கொஞ்சம் யோசித்தார். "அந்த வால் கொடி வேணும்னா..."

"வேண்டாம் வெர்னர். எந்திரிச்சு வந்துடுவா."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. டோவெ வீட்டுக்கு என்று அவள் கொடியை எடுத்து வைத்த பை கைப்பிடியிலேயே தொங்கியது.