ரிலீவர் வராமல் யாரும் கிளம்பக் கூடாது

2005 வாக்கில் நடந்தது இது. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எதிரும் புதிருமாக லைன் வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த எங்களைப் போல மதுரைக்காரர்கள், சேலத்துக்காரர்கள், வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் என்று எல்லோரும் கலந்து கிடந்தோம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஷிஃப்ட் ஒன்றுதான்.

நான் லேத் ஆபரேட்டர். வேலை முடிந்து பைக்கில் வரும்போது ஒரு லாரி இடித்துத் தள்ளியதில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதெல்லாம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் என் மனைவி வேலைக்குச் சேர்ந்தாள். அவள் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் என்னைப் பார்க்க ஆள் இல்லை.

அப்போதுதான் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சேவை அமைப்பின் ஜீப்பில் பிசியோதெரபி செய்யும் ஓர் அம்மா வர ஆரம்பித்தார். அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கெல்லாம் போய்விட்டு, திரும்புகிற வழியில் என்னையும் பார்ப்பார். தினமும் அவரால் வர முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, என்னைக் கட்டிலில் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எனக்கு வலி தெரியாது, ஆனால் புண் வந்துவிடும். அந்தப் புண் ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், முழங்காலுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும், குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் பாடம்.

மூன்று ஷிஃப்டும் ஓடுகிற காம்பவுண்டில் எந்த நேரமும் யாராவது வீட்டில் இருப்பார்கள். பிறகென்ன, தொழிற்சாலை வழக்கத்தையே என் கட்டிலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. வந்தவரிடம் மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே மக்கர் செய்கிறது என்று சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுக்க வேண்டும். அவர் "நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்று சொன்ன பிறகுதான் போகலாம். அதே மாதிரி என் தலைமாட்டில் நின்று, "இடது பக்கம் திருப்பியாச்சு, குதிகால் ஓகே, தண்ணிதான் குடிக்க மாட்டேங்கறாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மூத்திரப் பையை மாற்றுவது மட்டும் ஆண்கள் வேலை. நான் என்ன லேத் மெஷினா என்று ஆரம்பத்தில் கடுப்பாக இருக்கும். மெஷினாவது இப்படி எதிர்த்துப் பேசாது என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

அந்த அக்கா வீட்டில் கன்னடம்தான். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். கூட வயதான மாமியார். தொழிற்பேட்டைக்குள்ளேயே ஒரு கம்பெனியில் அக்காவுக்கு வேலை.

இப்படியே ஒரு வருடம் போனது. ஒரு நாள் காலையில் என் அண்ணன் ஊரிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம், முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹோமில் இடம் பேசி வைத்திருந்தார். தம்பி அடுத்தவர் தயவில் கிடக்கிறானே என்று அவருக்குத் தாங்கவில்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் மனைவியும் போனில் அரைமனதாகச் சரி சொல்லியிருந்தாள். ஓடி ஓடி அவளும் களைத்துப் போயிருந்தாள். எனக்கோ போக இஷ்டமே இல்லை. ஆனால் தூக்கி வைத்த இடத்தில் கிடக்கிறவன் எந்த வாயால் அதைச் சொல்வது? என்னை யாரும் கேட்கவும் இல்லை. மனைவி வேலை முடிந்து வந்ததும் துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு.

அன்றைக்குப் பார்த்து எல்லைக்கு அந்தப் பக்கம் பந்த். திடீரென்று பஸ், வேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. என் மனைவியும் காம்பவுண்டில் பாதிப் பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு அக்கா. என் மனைவி வந்து நின்றதும் அவர் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். தெருமுனையில் அவருடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"நாந்தான் இருக்கேனே தாயி, நீ கெளம்பு" என்றார் அண்ணன்.

அக்கா அசையவில்லை.

"நீங்க அண்ணன்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா இவரை நீங்க ஒரு தடவைகூட திருப்பிப் படுக்க வெச்சது இல்லை. வேலை தெரியாத ஆளுகிட்ட நான் எப்படி ஹேண்ட் ஓவர் குடுக்கறது?"

பஸ் போய்விட்டது. அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். கூடப்பிறந்தவனைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி தன்னை நம்பவில்லையே என்று கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து, "என்ன செய்யணும்னு சொல்லு தாயி" என்றார்.

முதல் தடவை என் கையைப் பிடித்து நெல்மூட்டையை இழுப்பது போல இழுத்தார். அக்கா தடுத்து, தோளிலும் இடுப்பிலும் கை வைக்கச் சொன்னார். குதிகாலை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினால் வெளுத்து மறுபடி நிறம் வந்தால் பயமில்லை, சிவப்பு அப்படியே நின்றால் ஆபத்து. எனக்கு விபத்து நடந்த நாளிலிருந்து அண்ணன் என் காலைத் தொட்டது அதுதான் முதல் முறை. காடு கழனியில் காய்ப்பேறிய கையில் என் பாதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை செய்ததும் அக்கா விட்டுவிடவில்லை. டீ போட்டுக் கொடுத்து உட்காரவைத்து, அடுத்த தடவையும் அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தார். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார், அந்த ஹோமில் இதை யார் செய்வார்கள் என்று. அண்ணனுக்குத் தெரியவில்லை. வேன் டிரைவரிடம் செல்போன் வாங்கி அங்கேயே பேசினார். காலையிலும் சாயங்காலமும் ஆள் வந்து பார்ப்பார்கள் என்று பதில் வந்தது.

"நடுவுல?" என்று கேட்டார் அண்ணன். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டார்.

என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"நீ என்னடா சொல்லுத?"

"எனக்கு இங்கயே இருக்கணும்ணே" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவரும் அழுதார். வேன் திரும்பிப் போனது, துணிமூட்டை இல்லாமல்.

எல்லையை நடந்தே கடந்து, இந்தப் பக்கம் பஸ் பிடித்து, பொழுது சாய்கிற நேரத்தில் என் மனைவி வந்து சேர்ந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் எழுந்து நின்றுகொண்டார். "வலது பக்கம் திருப்பியிருக்கு தாயி. குதிகால் நல்லாருக்கு" என்றார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தன் வீட்டுக்குப் போனார். அன்றைய சம்பளம் அவருக்குப் போனதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நன்றியோடு மட்டும் இருந்திருப்பேன். பெருமை வந்தது அதற்குப் பிறகு. சில மாதங்களில் எனக்குச் சக்கர நாற்காலி கிடைத்தது. கையில்தான் பலம் இருக்கிறதே, காம்பவுண்டுக்குள் நானே உருட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சமயத்தில் அக்காவின் மாமியாருக்கு மறதி முற்றியது. அவர் பிறந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம். யாரும் பார்க்காத நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு, அஞ்செட்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டபடி மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார். இரண்டு முறை தேடிப் பிடித்துக் கூட்டிவந்தோம். அக்கா வேலையை விடுவதாக முடிவு செய்துவிட்டார்.

நான் ஒரு ஷிஃப்ட் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பிசியோதெரபி அம்மா வந்தபோது அவரைக் கேட்டார்கள். தாராளமாகச் செய்யட்டும் என்றார். கூப்பிட்ட குரலுக்கு எதிர் வீட்டு நைட் ஷிஃப்ட்காரர் எழுந்து வருவதாக ஏற்பாடு. வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரை, சாப்பாடு, கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததை என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். நான் நாற்காலியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டேன். மாமியார் வந்து கன்னடத்தில் என்னைத் திட்டித் தீர்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் பஸ் லேட், வந்ததும் ஏற்றிவிடுகிறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

மதியம் அக்கா வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "சாப்டாங்க. மாத்திரை போட்டாச்சு. அஞ்செட்டி பஸ் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, லேட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றேன். அக்கா பையைக்கூடக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சரி. நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க" என்றார்.

லேத்தை விட்டு வந்த பிறகு அந்த வார்த்தையை மற்றவர்களுக்குச் சொல்லத்தான் கேட்டிருக்கிறேனே தவிர, எனக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டுக்குள் போய் நன்றாகத் தூங்கினேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், லேத் ஆபரேட்டர் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பார்த்த வேலையையும் மறக்காமல் சேர்த்துச் சொல்கிறேன்.