எண்ணைப் பார்த்து வயது சொன்னவன்

என் வாழ்நாளில் ஒரே ஓர் ஆளைத்தான் இரத்தம் வர அடித்திருக்கிறேன். அது என் தங்கச்சியின் கணவர். ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில், அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில். அடித்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. வருத்தமெல்லாம் அதற்கு இரண்டு நாள் முன்னால் நான் வாய் திறந்ததற்குத்தான்.

ஒஸ்லோவில் வாகன மின்சாதனங்கள் திருத்தும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. லொறி, டாக்சி, மீன்பிடிப் படகு என்று எல்லாவற்றிலிருந்தும் கழற்றிய ஜிபிஎஸ் பெட்டிகள் என் மேசைக்கு வரும். உள்ளே தபால்தலை அளவில் ஒரு ரிசீவர் இருக்கும். அதன் தகர மூடியில் பொடி எழுத்தில் மாதிரி எண் இருக்கும். முதல் எழுத்துகள் எந்தக் குடும்பம் என்று சொல்லும், அடுத்த இலக்கம் எந்தத் தலைமுறை என்று சொல்லும். அந்த இலக்கம் நான்கு என்றால் சாமான் கிட்டத்தட்ட இருபது வருடத்துப் பழசு. மற்றவர்கள் இணையத்தில் தேடிக்கொண்டிருக்க, நான் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சனிக்கிழமை மதியம் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்குள் நல்ல சூடு, ஆனாலும் கழுத்துச் சால்வையை அவள் கழற்றவில்லை. அதை நான் கண்டேன், ஏன் என்று கேட்கவில்லை. கடைப் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய காரின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

"நான் எங்கை போனாலும் அவருக்குத் தெரியுது அண்ணா. திராமன் டவுனிலை சிநேகிதி வீட்டை போனதுகூடத் தெரியுது. இது அவர் வைச்சதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அவர்தான் எண்டால் நான் இனி அந்த வீட்டை போகமாட்டன்."

பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். நான்கு. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கார் முன்பு ஒரு சாமான் விநியோகக் கொம்பனியில் ஓடியது என்பதும் நினைவுக்கு வந்தது.

"இது சரியான பழசு. கொம்பனிக்காரர் தங்கட வண்டியளிலை இப்பிடித்தான் பூட்டிவிடுறவை. நீங்கள் வாங்க முதலே இருந்திருக்கு. மச்சானை வீணாச் சந்தேகப்படாதை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். நம்பர் பொய் சொல்லாது."

சால்வையைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பிறகு பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். புருஷன் பெண்சாதிக்குள் சந்தேகம் வந்தால் ஆம்பிளைகள் கதைத்துத் தீர்த்துவிடவேண்டும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். நானும் நல்லவன் வேடம் போட்டு மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், உங்கட காருக்குக் கீழை முந்தின கொம்பனிக்காரன் வைச்ச ஜிபிஎஸ் ஒண்டு கிடந்ததாம். இவள் நீங்கள் வைச்சதெண்டு பயந்துபோய் இஞ்சை கொண்டுவந்தவள். நான் விளங்கப்படுத்தி அனுப்பிப்போட்டன்."

"நல்ல காரியம் செய்தீங்கள் மச்சான்" என்று சிரித்தார்.

இனி நான் அவனை 'அவர்' என்று சொல்லப்போவதில்லை. அன்று தங்கச்சி தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனதும் தலைமயிரைப் பிடித்து இழுத்து, சமையலறைக் கதவின் விளிம்பில் முகத்தை மோதியிருக்கிறான். விழுந்தவளை மிதித்திருக்கிறான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, விலா எலும்பும் முறிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கதவில் அடித்துக் கத்தி, பொலிஸைக் கூப்பிட்டிருக்காவிட்டால் நாங்கள் பிரேதத்தைத்தான் எடுத்திருப்போம்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி திறந்தேன். இந்தமுறை மின்சுற்றுப் பலகையைத் தூக்கிக் கீழேயும் பார்த்தேன். பற்றரி புத்தம்புதியது, முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அந்த வகைப் பற்றரி சார்ஜ் ஏற்றாமல் இரண்டு கிழமைகூடத் தாங்காது. யாரோ அண்மையில் சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள். பழைய வண்டிகளில் கழற்றிய ரிசீவர்களை மலிவாக வாங்கிப் புதுப் பெட்டிகளில் பூட்டி விற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல, நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நேரே ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். அவளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று எச்சரித்துப் பொலிஸ் அவனை வெளியே விட்டிருந்தது. காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றான். முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனின் விலாவில் உதைத்தேன். அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்கள்தானே மச்சான் எனக்குச் சொன்னனீங்கள்."

நான் இன்னும் உதைத்தேன். எத்தனை தரம் என்று பொலிஸ் பிறகு கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் பொலிஸ் என்னை விட்டதும் தங்கச்சியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீங்கிப்போயிருந்த என் வலது கையை அவளுக்குத் தெரிகிற மாதிரி கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னால் அவளுக்குக் கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்தேன். சொன்னேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவளால் வாய் திறக்க முடியவில்லை. போனை எடுத்து நெடுநேரம் எழுதி என்னிடம் நீட்டினாள்.

"அடிக்கச் சொல்லி நான் உங்களிட்டை வரேல்லை அண்ணா. உங்கட வீட்டிலை கொஞ்சநாள் இருக்கட்டோ எண்டு கேக்கத்தான் வந்தனான். கேக்க வெக்கமாக் கிடந்தது. அதாலைதான் பெட்டியைக் கொண்டுவந்தனான்."