கசங்காத காக்கி

போன செவ்வாய்க்கிழமை காலை. பேப்பரை விரித்து உட்கார்ந்த நேரத்தில் கேட் திறக்கும் சத்தம். பார்த்தால், பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன். கையில் ஒரு காக்கிச் சட்டை. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவது மாதிரி, காலரை இரண்டே விரல்களில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க சார், இதைச் சித்தெ தொட்டுப் பாருங்க."

தொட்டேன். மெத்தென்று, வழவழப்பாக... நன்றாகத்தானே இருக்கிறது?

"கசக்குங்க."

கசக்கினேன்.

"இப்ப விடுங்க."

விட்டேன். ஒன்றுமே நடக்காதது போல விரிந்துகொண்டது. ஒரு சுருக்கம் இல்லை. என் முகத்துக்கு இப்படி ஒரு துணி கிடைக்காதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன், கேஸ் நிரூபணமாகிவிட்ட குரலில். "இது போலீஸ் போடற துணியுங்களா?"

அண்ணனைப் பற்றி இரண்டு வரி. சிங்காநல்லூரில் எங்கள் வீதியில், எங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் வீடு அவருடையது. பம்ப்செட் பாகங்கள் கடையும் லேத் பட்டறையில் வேலை. அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி ஸ்டெல்லா மேடம், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர். மகள் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாள். எங்கள் வீதியில் எல்லாரும் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்துகிறோம் என்றால், குடிமைப் பண்பு காரணமல்ல. அந்த வீடு.

விஷயம் இதுதான். கல்யாணமான நாளிலிருந்து மேடத்தின் யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பவர் அண்ணன். ஜவ்வரிசிக் கஞ்சி. முதுகில் மூன்று கோடு மடிப்பு. சட்டையைக் கழற்றித் தரையில் வைத்தால் தானாக நிற்கும். சில வாரங்களுக்கு முன், போலீஸ்காரர்களுக்குத் தைக்கும் டெய்லர் ஒருவர் மேடத்திடம் புதுத் துணியைக் காட்டியிருக்கிறார். அதே காக்கி, நிறம் விதிப்படி சரி. ஆனால் இழுத்தால் நீளும், கசங்காது, கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம். மேடம் மூன்று செட் தைத்துவிட்டார்.

"நீங்க பேப்பர்ல எழுதோணும் சார். கஞ்சி போட்ட காட்டன்தான் போலீசுக்கு லட்சணம்னு எழுதிப்போடுங்க. மேலிடத்துல படிப்பாங்கல்ல?"

மேலிடம் கிடக்கட்டும். மேல்மாடியில் இருக்கும் என் மனைவியே படிப்பதில்லை. ஆனாலும் நம் எழுத்துக்கு அரசாங்கத்தை அசைக்கும் வலிமை உண்டென்று நம்பும் ஒருவர் வாசலில் நிற்கும்போது, அவர் நம்பிக்கையைக் குலைப்பது பாவமில்லையா? "பார்க்கலாம் அண்ணா" என்றேன், நெற்றியைச் சுருக்கி.

உட்கார்ந்து யோசித்தால், எழுதவேண்டிய விஷயம்தான். போலீஸ் உடுப்பு மாதிரி விவகாரமான உடுப்பு வேறு உண்டா? பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள் — அரை டிராயர், குச்சிக் கால், தலையில் கோபுரம் மாதிரி ஒரு தொப்பி. திருடனைத் துரத்தினால் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்; மிச்சமிருக்கும் கையால்தான் திருடனை. அதை மாற்றியபோது, கம்பீரம் போச்சு என்று வருத்தப்பட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

இன்றைக்கும் பாருங்கள். அவிநாசி ரோட்டு வெயிலில் தோல் பெல்ட், தோல் ஷூ, தொப்பி. வைத்தால் வியர்வை, கழற்றினால் மரியாதை இல்லை. தோளிலிருந்து தொங்கும் விசில் கயிறு அழகாகத்தான் இருக்கிறது. அதன் நுனியில் விசில் இருக்கிறதா என்று யாராவது இழுத்துப் பார்த்ததுண்டா?

எனக்கு இந்த உடுப்பின் மேல் தனிப்பட்ட ஏக்கம் ஒன்றும் உண்டு. வாலிபத்தில் நானும் போலீஸ் தேர்வுக்குப் போனவன். மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொன்னார்கள். இழுத்தேன். வயிறு விரிந்தது. காக்கி போடும் யோகம் அத்தோடு முடிந்தது, எழுத்தாளன் ஆனேன். அதற்கு அளவெடுப்பதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சரவணம்பட்டியில் ஒரு வேலை. ஐ.டி. கம்பெனிகள் விடும் நேரம். ரோடு முழுக்கக் கழுத்தில் அட்டை தொங்கும் கூட்டம். அதற்கு நடுவில் ஒரு கை என்னை ஓரம் கட்டச் சொன்னது. ஸ்டெல்லா மேடம்.

"ஹெல்மெட் பட்டை போடல சார்."

போட்டேன்.

"எங்க ஊட்டுக்காரர் உங்ககிட்ட வந்தாராமா. எழுதறதுன்னா ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டு எழுதுங்க. ஸ்டேஷன்ல நாங்க அப்படித்தான்."

அப்படித்தானா என்று கேட்க நாக்கு துடித்தது. இடம் சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்னது: "கஞ்சிச் சட்டையப் போட்டுட்டுக் குனிஞ்சு பாத்திருக்கீங்களா? அன்னைக்கு ஒரு பையன் பைக்கோட உழுந்துட்டான். தூக்கலாம்னு ரோட்டுல குனியறேன், சட்டை குனிய மாட்டேங்குது. நான் ஒரு பக்கம் குனியறேன், அது ஒரு பக்கம் அட்டென்ஷன்ல நிக்குது."

காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தைச் சுற்றி, காலர் அறுத்து அறுத்துக் கறுத்த கோடு. வருஷக்கணக்கான கோடு. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆணித்தரமாக எழுதலாம் என்று நான் யோசித்து வைத்திருந்த கஞ்சிக் கம்பீரமெல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

புதுத் துணியில் ஓட முடிகிறது, ஜீப்பில் ஏறி இறங்க முடிகிறது, காலையில் கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்க முடிகிறது, வீட்டுக்காரருக்கும் வேலை மிச்சம் என்று அடுக்கிய மேடம், கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா மனுசன் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டே திரியறாருன்னுதான் தெரியல சார்."

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. ஏனென்றால் எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீருடையில் இருக்கும் ஓர் அதிகாரியிடம், 'உங்கள் வீட்டில் பேசுவதை நான் தினமும் ஒட்டுக் கேட்கிறேன்' என்று வாக்குமூலம் கொடுக்கும் அளவுக்கு நான் யோக்கியன் அல்ல.

உங்களிடம் சொல்லலாம். காலையில் மொட்டைமாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவேன். கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், தகரக் கூரைக்கு அடியில்தான் அண்ணனின் இஸ்திரி மேஜை. அவர் தேய்ப்பார். மேடம் எதிரில் பிளாஸ்டிக் ஸ்டூலில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, முந்தின நாள் ஸ்டேஷன் கதை முழுவதையும் சொல்வார். பூனையைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்தவர், போய்ப் பார்த்தால் பூனை களவு போகவில்லை, இரண்டு வீடு தள்ளி நல்ல சாப்பாடு கிடைக்கிறதென்று குடி மாறியிருக்கிறது... இப்படி.

அண்ணன் பங்குக்கு வெறும் 'ம்'. ஆனால் ஒவ்வொரு 'ம்'மும் வேறு. ஒன்றில் சிரிப்பு இருக்கும், ஒன்றில் 'அப்புறம்?' இருக்கும், ஒன்றில் 'அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட ஜாக்கிரதை' இருக்கும். நடுவில் இஸ்திரிப் பெட்டி போய் வரும் சத்தம். மேடத்தின் டியூட்டி எந்நேரம் முடியும் என்று சொல்ல முடியாது, வந்தால் தூக்கம். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முழுசாகக் கிடைத்தது அந்தக் கால் மணி நேரம்தான். கதை முடிவதற்குள் சட்டை முடிந்துவிட்டால், அண்ணன் தேய்த்து முடித்த சட்டைக் கையையே மறுபடி தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுத் துணி வந்ததிலிருந்து அங்கே சத்தமில்லை. மேடம் கொடியிலிருந்து சட்டையை உருவி, மாட்டி, ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து போய்விடுகிறார். அண்ணன் மட்டும் அதே நேரத்துக்குத் தகரக் கூரைக்கு அடியில் வந்து நிற்கிறார். ஒரு நாள் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கைக்குட்டைகள். அதற்கடுத்த நாள், மாதா படத்துக்குக் கீழே விரிக்கும் வெள்ளைத் துணி.

எனக்கும் நஷ்டம்தான். இந்தப் பத்தியில் அவ்வப்போது 'நண்பர் ஒருவர் சொன்னார்' என்று வருமே... நண்பர் யாரென்று இப்போது புரிந்திருக்கும்.

வியாழக்கிழமை அண்ணனைக் கேட் அருகே பிடித்தேன். "மேடத்துகிட்ட நேராச் சொல்லிடுங்களேன் அண்ணா."

"என்னன்னுங்க சொல்றது?"

எனக்கும் தெரியவில்லை. 'உன்னோடு பேச வேண்டும் போல இருக்கிறது' என்ற வாக்கியத்தைக் கட்டிய மனைவியிடம் எந்த ஆம்பிளை சொல்லியிருக்கிறான்? அண்ணன் கேட் கொக்கியை மாட்டினார்.

"துணிதான் சரியில்லீங்க. மத்தபடி ஒண்ணுமில்லீங்க."

மிக்ஸி வந்தது, நேரம் மிச்சம். வாஷிங் மெஷின் வந்தது, நேரம் மிச்சம். கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்க வேண்டாம், மிச்சம். மிச்சமான நேரமெல்லாம் எங்கேதான் போயிற்று? என் வீட்டில் அது இரண்டு செல்போன்களுக்குச் சமபங்காகப் பிரிந்து போயிற்று. இதில் துணியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்தக் கழுத்துக் கோட்டைப் பார்த்தவன் நான்.

சனிக்கிழமை காலை. பெரிய அதிகாரி ஒருவர் முன்னால் மேடத்துக்கு அணிவகுப்பு. நான் மாடியில் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று ஒரு நாற்றம்... பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் ஏற்றியது போல.

எட்டிப் பார்த்தேன். அதிகாரி முன்னால் மனைவி முதுகில் மூன்று கோடு இல்லாமல் போய் நிற்பதா என்று அண்ணனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. மேடம் குளிக்கப் போன நேரத்தில், இஸ்திரி வேண்டாத அந்தத் துணியை மேஜையில் விரித்து, காட்டனுக்கு வைக்கும் சூட்டில் பெட்டியை வைத்துவிட்டார். சட்டையின் முதுகில், இஸ்திரிப் பெட்டியின் அதே வடிவத்தில், ஓர் ஓட்டை. அதன் வழியாக மேஜை தெரிந்தது.

மேடம் வந்தார். பார்த்தார்.

"ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

மற்ற இரண்டு செட்டும் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. பீரோவிலிருந்து பழைய கஞ்சிச் சட்டை வந்தது. அண்ணன் குனிந்த தலை நிமிராமல் தேய்க்க ஆரம்பித்தார். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தார். நன்றாகத் திட்டினார், துறையில் இத்தனை வருஷம் வீணாகவில்லை. திட்டிக்கொண்டே இருந்தவர், "உங்களாட்டவேதான் நேத்து ஒருத்தன் ஸ்டேஷனுக்கு வந்தான்" என்றார். பெண்டாட்டியின் வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று குளத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனவன். வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்தால் வண்டியைக் காணோம். யாரோ கரையேற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். அவன் அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அதைக் காணோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"ம்," என்றார் அண்ணன்.

எத்தனை நாள் கழித்து அந்த 'ம்'மைக் கேட்கிறேன்! சிரிப்பு இருந்த 'ம்'.

கதை ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. சேர்த்து வைத்திருந்திருப்பார் போல. நடுவில் ஓரிடத்தில் மேடம் நிறுத்தினார். பெட்டி போய் வரும் சத்தம் மட்டும்.

"அந்தத் துணி வந்ததுலருந்து நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்கல்ல?"

"ம்."

இந்த 'ம்' எதைச் சேர்ந்ததென்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை கேட்டதில்லை.

பெட்டி வெகுநேரம் ஒரே சட்டைக் கையின் மேல் போய் வந்தது. "செடி மிதக்குதுங்க" என்று என் மனைவி கீழேயிருந்து கத்தியபோதுதான் ஹோஸ் நினைவு வந்தது.

சரி, துணி விவகாரம் என்னாயிற்று? யார் ஜெயித்தது? திங்கட்கிழமை காலை மறுபடியும் இஸ்திரிப் பெட்டிச் சத்தம். மேடம் பழைய கஞ்சிக்கே திரும்பிவிட்டாரா, பாவம் அந்தக் கழுத்து என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மேஜையில் இருந்தது புதுத் துணிதான். கசங்காத காக்கி. அண்ணன் அதன் மேல் பெட்டியை மெல்ல, ரொம்ப அக்கறையாக, ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்டியின் ஒயர் மேஜையிலிருந்து தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் பிளக், காற்றில் ஆடியபடி.

ஸ்டூலில் உட்கார்ந்து மேடம் சொன்னார்: "தேயுங்க, தேயுங்க. பிளக்க மட்டும் போட்றாதீங்க." காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பறம் அந்தப் பூனைக்காரர் மறுபடியும் வந்துட்டாருங்க..." என்று ஆரம்பித்தார்.

ஆகவே மேலிடத்தாருக்கு — படித்தால். துணியை மாற்றுங்கள், தொப்பியை மாற்றுங்கள், விசில் கயிற்றை எடுத்துவிடுங்கள். கால்கள் ஓடட்டும், முதுகு குனியட்டும். அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணனிடம் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன். "ம்" என்றார். என்ன 'ம்' என்று தெரியவில்லை. கொஞ்ச நாளைக்கு மொட்டைமாடிப் பக்கம் போவதாக இல்லை.

திங்கட்கிழமை மாடியிலிருந்து இறங்கியதும் மனைவியிடம் கேட்டேன், நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி எங்கே என்று. செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அது ரிப்பேராகி வருஷமாச்சுங்களே" என்றாள்.

பரவாயில்லை, எடு என்றேன்.